சாவு சீனுக்கு ஒரு அம்மா

கிளிசரின் வாணாம் தம்பி, கண்ணு எரியுது. உப்பளத்து வெயில்ல வெந்த கண்ணு, தண்ணியே வராது. டைரக்டர் கத்தறாருன்னா கத்தட்டும். நீங்க இப்படி உக்காந்து கதையச் சொல்லுங்க. யாருக்கு அழுவறோம்னு தெரிஞ்சாதானே அழுவ முடியும்?

ம்... மெட்ராஸு ஹவுசிங் போர்டு பசங்க நாலு பேரு. தண்ணி டிரம்மக் கவுத்துப் போட்டு அடிச்சு, பாட்டுக் கட்டி, போன்ல போட்டு, இன்னிக்கு ஃபாரின் வரைக்கும் போய்ப் பாடறாங்க. தெரியும் தம்பி, தமிழரசன் குரூப்புதானே. நெசமா நடந்த கதையா? யாரு சொன்னா? தமிழரசனே உக்காந்து சொன்னாரா? அப்ப சரியாத்தான் இருக்கும்.

அதுல டிரம் அடிச்ச பையனுக்கு சொந்த ஊரு நம்ம மரக்காணம். மொதல் பெரிய கச்சேரிக்கு முன்னாடி தமிழரசன் அலையில மாட்டிக்கிறாரு. இவன் குதிச்சுக் காப்பாத்திட்டு செத்துப்போயிடறான். அடப் பாவமே. இன்னிக்கும் அவன நெனச்சு அழுதுட்டுதான் மேடையில பாட்டே ஆரம்பிப்பாரா? நல்ல மனசு.

சிரிக்கல தம்பி. இருமல்.

அதான் அவன் சொந்த ஊருலயே சாவு சீன எடுக்கணும்னு டைரக்டருக்கு ஆசையா? தமிழரசன் வரலியா? வர மாட்டேன்னுட்டாரா? இருக்கும் இருக்கும். பாவம், மனசு தாங்காது.

ஆனா அவனுக்கு அம்மாவா நடிக்க என்னை எதுக்குப் புடிச்சீங்க? மூஞ்சி பொருத்தமா இருக்குதா? நம்ம கொளஞ்சியம்மா இருக்குது, ஒப்பாரி வச்சா கல்லும் கரையும். எனக்கு இன்னொரு தடவ கேமரா வச்சாலும் வராது.

காரணம் சொல்றேன், கத்தாதீங்க, இன்னும் சாப்பாடு போடல, தெரிஞ்சா தொரத்திடுவாங்க. லோக்கல்ல மோளம் அடிக்க ஆளு கூப்ட்டீங்களே, அதுல பாடைக்கு முன்னாடி ஆடி ஆடி அடிக்கிறானே பச்ச சட்ட, அவன் என் புள்ள பரத்து. உங்க கதையில செத்தவன் அவன்தான். கடல்லயும் விழல, ஒண்ணுத்துலயும் விழல. பாட்டு கம்பெனிக்காரங்க மூணு பேரு போதும்னாங்களாம், தமிழரசன் இவனை பஸ் ஏத்தி விட்டுட்டாரு. தான் செத்த கதைய போன்ல பாத்த அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம் சோறு எடுக்கல.

இப்ப நான் அழுவலாம்னு வாயத் தொறந்தா எதிர்ல நின்னு கண்ணடிக்கிறான் தம்பி. எங்கேந்து அழுகை வரும்?

வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. அவனை மோளம் அடிக்கறத நிறுத்தச் சொல்லுங்க. அழுதுடறேன்.