ஆறிப்போன காப்பி

கிழக்கேகோட்டையிலிருந்து கரமனை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சயின்ஸ் டீச்சர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“அவருக்கு ஒண்ணும் தெரியலைடி. அதான் சரின்னு சொல்லிட்டேன்,” என்றாள் டீச்சர்.

“பொண் பார்க்க வந்தவருக்கா?”

“ஆமா. கடல்தண்ணி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறும்னார். ரெண்டு தடவைன்னேன். ஏன்னு கேட்டார். புரியலை, இன்னொரு தரம் சொல்லுங்கோன்னார். காப்பி ஆறியே போச்சு, கேட்டோ. கடைசியில அவரோட அம்மா முன்னாலேயே, ‘நான் சொன்னது தப்பு’ன்னார்.”

“போன மாசம் வந்தவர்?”

“அவர் எனக்கே பாடம் எடுத்தார். அதுவும் தப்பா.”

கழுத்தில் தாலியோடிருந்த மற்றவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“எங்காத்துக்காரருக்குத் தெரியாததே கிடையாதுடி,” என்றாள். “நீ சீக்கிரம் முகூர்த்தம் பாரு.”