நாலேகால் வரைக்கும் மார்கழி

உக்காருங்க டாக்டரம்மா. நின்னுட்டே இருந்தா மட்டும் நேரம் வெரசா போயிருமுங்களா? இப்ப மூணு ஆகப் போகுது. நாலேகாலுக்கு நானே கதவைத் தொறந்து உங்களை உள்ள கூட்டிட்டுப் போறனுங்க. அதுவரைக்கும் இந்த முன்கட்டு ஆசாரத்துலயே இருங்க. காப்பி ஆறுது பாருங்க.

சத்தம் எனக்குங் கேக்குதுங்க. காது நல்லாத்தான் இருக்குது. என்ற மருமக சின்னாத்தாதான் கத்தறா. நேத்துப் பொழுதோட வலி கண்டுச்சு. கூட பாவாத்தா இருக்கறா, இந்த ஊர்ல பாதிப் பேருக்குப் பேறு பாத்த மருத்துவச்சி. நான் சொன்னதுக்கு மேல ஒண்ணு செய்ய மாட்டா, கொறைக்கவும் மாட்டா.

இல்லீங்க, உங்க படிப்பு மேல எனக்குச் சந்தேகமே இல்லை. கோயமுத்தூர்ல இருந்து மோட்டார் வெச்சு உங்களைக் கூட்டியாரச் சொன்னது என்ற மகன் தம்பிதுரை. நான் வேண்டாம்னு சொல்லலை. சொன்னாலும் கேக்கற ஆளில்லை. அதனால காத்தாலயே அவனை ஆனைமலைக்குத் தாட்டி விட்டேன், மாசாணியம்மனுக்கு ஒரு வேண்டுதல் இருக்குதுன்னு. இருட்டறதுக்கு முந்தி வந்துருவான். உங்க டிரைவர் தோட்டத்துச் சாளையில சாப்பிடறாரு. அவரு போதும்னாலும் எங்காளுக உடமாட்டாங்க.

என்னைப் பட்டிக்காட்டுக் கெழவின்னு எண்ணிப்போடாதீங்க. மிசன் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். பூனை குறுக்க போனா நிக்க மாட்டேன், பல்லி சொல்லுச்சுன்னு திரும்ப மாட்டேன். கண்ணுல பாத்ததை மட்டுந்தான் நம்புவேன். பாத்ததைச் சொல்றேன், கேட்டுக்குங்க.

இந்த ஊட்டுல எந்தக் கொழந்தை பொறந்தாலும் ஆடி, தீவாளின்னு ஏதாச்சும் ஒரு நோம்பியை ஒட்டித்தான் பொறக்கும். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பொறந்த நாளுக்கும் நோம்பிக்கும் சேத்து ஒரே துணி எடுத்தாப் போதுமேன்னு என்ற ஊட்டுக்காரரு சிரிப்பாரு. ராசாத்தா போற வரைக்குஞ் சிரிச்சாரு.

அவதான் மூத்தவ. ஆடிப் பதினெட்டுக்கு மொத நாள் பொறந்தா. மூணு வயசுல வாந்தி பேதி. அடுத்தவன் திருமூர்த்தி, தீவாளிக்கு மொத நாள். ஏழு வயசுல கெணத்துல உழுந்துட்டான். சுத்துச்சுவர் கட்டியிருக்கோணும்னு துக்கத்துக்கு வந்த ஒறம்பரை அத்தனை பேருஞ் சொன்னாங்க. அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒருத்தருஞ் சொல்லலை. அப்பறம் தம்பிதுரை. அவன் கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் பொறந்தவன். இருபத்தாறு வயசாகுது, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்லை.

சின்னாத்தாளுக்கு இது ரெண்டாவதுங்க. மொதப் பொண்ணு சித்திரைக் கனிக்கு மொத நாள் வந்துச்சு. பதினோரு நாள் இருந்துச்சு. நோம்பிக்கு முந்தி வந்தது இந்த ஊட்டுல நிக்காது, நோம்பி பொறந்தப்பறம் வந்தது நிக்கும். இதை என்கிட்ட எந்தச் சோசியனும் சொல்லலை. நானே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது.

தற்செயலுங்களா? நீங்க மருந்து குடுத்து நாலு பேரு பொழைச்சா அதையும் தற்செயல்னா சொல்லுவீங்க? மருந்துன்னுதானே சொல்லுவீங்க.

ஆமாங்க, பொங்கல் இன்னைக்குத்தான். யாரு இல்லைன்னா? ஆனா சூரியன் மகரத்துக்குள்ள போறது நாலேகாலுக்குன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்குது. அதுவரைக்கும் மார்கழிதான். பொங்கப் பானையையே அதுக்கப்பறந்தான் அடுப்புல ஏத்தோணும்னு சொல்லி வெச்சிருக்கறேன். அரிசி காத்துக்கிட்டு இருக்குது. கொழந்தை காத்திருந்தா என்னங்க?

கதவைத் தட்டாதீங்க. பூட்டியிருக்குது. சாவி என்ற இடுப்புல இருக்குது. இழுத்துப் புடுங்கப் போறீங்களா? செய்ய மாட்டீங்க. நல்ல எடத்துல பொறந்து நாலெழுத்துப் படிச்ச பொண்ணு. கதவை உட்டு இக்கட்டால வந்து உக்காருங்க.

உங்களுக்குக் கொழந்தை இருக்குதுங்களா? இல்லீங்களா. செரி.

போலீசுக்கு எழுதுவீங்களா? தாராளமா எழுதுங்க. பேரு ராமாமணி. ரெண்டு துணைக்கால் வரும், ஒண்ணை உட்டுப்போடாதீங்க. பத்திரம் பதியறப்ப சப்ரிசிஸ்தர் ஆபீசுல ஒருக்கா அப்பிடித்தான் தப்பா எழுதி, மறுபடி மூணு நடை நடக்க வெச்சாங்க.

கொழந்தை வர்ற நேரம் மனுசன் கையில இல்லைங்கறீங்க. எனக்கும் எட்டாவதுல அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாம் நம்ம கையில இல்லைதான். கொஞ்சம் இருக்குதுங்க.

ஆமாங்க, சத்தம் நின்னுருச்சு. இப்ப நிக்கலை, மூணரைக்கே நின்னுருச்சு, நீங்க கதவுகிட்டப் பேசிக்கிட்டு இருந்ததுல கேக்கலை. அதுக்கு எதுக்கு இப்பிடி வெளுத்துப் போறீங்க? ஒரு கட்டத்துக்கு மேல எனக்கும் சத்தம் வரலை. நானென்ன செத்தா போனேன்?

இன்னும் அஞ்சு நிமிசம். அழுவாதீங்க அம்மணி. டாக்டரே அழுதா பாவாத்தா என்னன்னு நெனைப்பா?

ம். ஆச்சு. தை பொறந்துருச்சு. இந்தாங்க சாவி, எடப்பக்கமாத் திருப்போணும். சுடுதண்ணி இப்பக் கொண்டாரச் சொல்றேன். பையை எடுத்துக்குங்க. அதுல கத்திரி இருக்குதுங்களா? அதை மொதல்ல வெளிய எடுங்க. உச்சிப் பொழுதுலயே தலை எறங்குதுன்னு பாவாத்தா வந்து சொன்னா. தொடை ரெண்டையுஞ் சேத்து வெச்சுப் பழஞ்சேலையில இறுக்கிக் கட்டுன்னு சொல்லிப்போட்டேன். தீபத்தன்னைக்கு என்ற மாமியா எனக்குக் கட்டுனதும் அப்பிடித்தானுங்க. நனைஞ்ச துணி, முடிச்சு கையில அவுறாது.