கழிவுத் தொட்டியில் ஒரு நிமிடப் படம்

காலையில் வாங்கிக் கொடுத்த பொங்கல் நன்றாக இருந்தது சார், மிளகு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. டீ வேண்டாம். பேசி முடித்துவிட்டுக் குடிக்கிறேன்.

இன்பராஜ் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். கால் தவறித் தொட்டிக்குள் விழுந்தான் என்று அன்றைக்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். உண்மையைச் சொல்வதென்றால் படத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் மதியழகன். ஆம்பூரில் ஒரு டேனரியில், தோல் பதனிடுகிற ஆலையில், ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். பிறகு அதை விட்டுவிட்டு செல்போனில் ஒரு நிமிடப் படங்கள் எடுத்து யூடியூபில் போட ஆரம்பித்தேன். கேமரா, சவுண்ட், எடிட்டிங், டைரக்‌ஷன் எல்லாம் நான் ஒருவன்தான். நடிப்பது இன்பராஜ். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக என்னிடம் வந்துவிடுவான். நல்ல முகம். எந்த வெளிச்சத்திலும் எடுபடும்.

முன்பெல்லாம் படம் எடுக்கிறவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது சார். டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவன், படம் மொக்கையாக இருந்தாலும் உட்கார்ந்துதான் இருப்பான். இப்போது அப்படி இல்லை. எந்த நொடியில் எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று யூடியூப் ஒரு கோடு போட்டுக் காட்டும். என் படங்களில் அந்தக் கோடு இருபதாவது நொடியில் சரிந்துவிடும். எந்தப் படமானாலும் இருபதாவது நொடி. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். பார்த்த பிறகு யாரோடும் பேசப் பிடிக்காது.

டேனரிக் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் சாகிற ஒரு தொழிலாளியின் கதையைப் படமாக எடுத்தோம். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் டீத்தூள் கலந்து ஊற்றி எடுத்தது. “தொட்டி புதுசா பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே” என்று ஒருவன் கமெண்ட் போட்டான். “பக்கத்துலயே ஏணி இருக்கு, ஏறி வர வேண்டியதுதான” என்று இன்னொருவன். அதற்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள்.

அதை இன்பராஜுக்குப் படித்துக் காட்டினேன்.

“வுடுண்ணா, அவனுங்களுக்கு இன்னா தெரியும்? இதுக்கெல்லாம் பேஜார் ஆவாத” என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஆனால் என்னால் விட முடியவில்லை. அந்த நானூறு பேர் சிரித்ததும் சரிதானே.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரி மூடிக் கிடந்தது. வாட்ச்மேன் பெருமாள் எனக்குத் தெரிந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தொட்டி மூடியைத் தள்ளித் திறந்ததும் அவர் சொன்னார்: “இறங்கிடாதப்பா. ரெண்டு நாள் தொறந்து போட்டுட்டுத்தான் ஆள இறக்குவாங்க. மேலேர்ந்து எடுத்துக்க.”

“சரிண்ணா, மேலேர்ந்துதான்” என்றேன். அவர் கேட் பக்கம் சாப்பிடப் போனார்.

ரெண்டு நாள் என்றால் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை இன்பராஜுக்கு ஷிப்ட். வெயிலும் பன்னிரண்டு மணிக்குத்தான் தொட்டிக்குள் நேராக விழும், அரைமணி நேரம்தான் இருக்கும். பெருமாள் முதலாளிக்குப் பயந்து அப்படிச் சொல்கிறார் என்று இன்பராஜிடம் சொன்னேன். அவன் பேன்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, ஒரு கழியை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினான். நான் சொன்னால் கேட்பான் சார், பாவம்.

இறங்கியதும் ஏணியை மேலே இழுத்து எனக்குப் பின்னால் போட்டேன். பிரேமில் தெரியக் கூடாது. ஷாட் முடிந்ததும் திரும்பப் போடத்தான் நினைத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“நாத்தம் ஜாஸ்தியா இருக்குண்ணா” என்றான்.

“ஒரே நிமிஷம்டா. கழியால அடிவரைக்கும் கலக்கு. குமிழி வரணும்.”

கலக்கினான். குமிழி நன்றாக வந்தது. முப்பத்தோராவது நொடியில் மடங்கி முகம் குப்புற விழுந்தான். அறுபதாவது நொடி வரைக்கும் எடுத்துவிட்டுப் பெருமாளைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்தார், என்னை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டார். நான் இறங்கப் போகவில்லை, அது அவருக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டி வந்துதான் எடுத்தார்கள்.

அடக்கத்தன்று அவன் மனைவி ஷர்மிளா என் பக்கத்தில் வந்து நின்றது. “கடைசியா எதுனா சொன்னாராண்ணா?” என்று கேட்டது.

“ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன்.

பதினாறாம் நாள், விழுவதற்கு முன்னாலேயே நிறுத்தி, அஞ்சலி என்று தலைப்பு வைத்து அந்தப் படத்தை வெளியிட்டேன். பத்தொன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கோடு சரியவில்லை சார். இருபதாவது நொடியைத் தாண்டி நேராகப் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. ஷர்மிளாவும் பார்த்துவிட்டுப் போன் செய்தது. “நல்லா நடிச்சிருக்காருல்லண்ணா” என்றது. ஆமாம் என்றேன்.

நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ஏன் சத்தமாக மியூசிக் வைத்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். நேற்று அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தில் இன்பராஜ் பேசினான்.

“இப்ப நாத்தமே இல்லண்ணா. போயிடுச்சு” என்றான். நிம்மதியாகத்தான் சொன்னான். நாற்றம் போனால் வாயுவும் போய்விட்டது என்று இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

எனக்கு அப்படி இல்லை. டேனரியில் வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு வகுப்பு நடத்துவார்கள். ஒன்பது வருஷமும் உட்கார்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தொட்டிக்குள் இருக்கிறவன் நாற்றம் தெரியவில்லை என்று சொன்னால் வாயு குறையவில்லை, அவன் மூக்கு மரத்துவிட்டது, அந்த நொடியே ஆளை மேலே தூக்கு என்பார்கள்.

ஹெட்போன் என் காதில்தான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஏணி எனக்குப் பின்னால் இரண்டடியில் கிடந்தது.

நான் ஜூம் செய்து அவன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தேன்.