பஸ் போன பொறவு

— வண்டிய நிப்பாட்டுங்கன்னு ராஜபாளையம் தாண்டுனதுல இருந்து சொல்லிக்கிட்டு வாரேன். காதுல விழலையா ஒங்களுக்கு?

— ஹெல்மெட்டுக்குள்ள காத்துதான் கேக்கு. என்ன, சேலை சக்கரத்துல மாட்டிருச்சா?

— அதெல்லாம் இல்ல. அந்தப் புளியமரத்துக்கிட்ட ஓரங்கட்டுங்க. செத்த நேரம் பேசணும்.

— ஏட்டி, ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாண மண்டபத்துல படம் போடுதாக. ஒன் படம். போஸ்டர்ல ஒம் பேரு போட்டிருக்கு. நீ இங்கன மரத்தடியில நின்னு பேசணும்ங்குற! ரெண்டு நாளா வீட்டுலதான இருந்த, அப்பப் பேசக் கூடாதா?

— பேசத்தான் வந்தேன். வாய் வரல.

— அச்சா. நிப்பாட்டியாச்சு. ரிப்போர்ட் குடு.

— இந்தப் பட்டாளத்துப் பேச்ச மொதல்ல விடுங்க.

— இருவது வருஷத்துக்கு மேல பேசுன பேச்சு, ரிட்டையர் ஆனா போயிருமா? சொல்லு கனகு.

— இன்னைக்கு யார் யாரெல்லாம் வாராங்க?

— எங்க அண்ணன் வாராரு, மதினி வாராக. நம்ம யுவராணியும் மாப்பிள்ளையும் கான்சாபுரத்துல இருந்து கெளம்பிட்டாக. என்கூடப் பட்டாளத்துல இருந்தானே தவசிமுத்து, அவன் ஆலங்குளத்துல வாட்ச்மேன் வேலைக்கு லீவு போட்டுட்டு வாரான்.

— ஒங்க அண்ணனயும் கூப்பிட்டீங்களா?

— கூப்பிடாம? பேரப்புள்ள எடுக்குற வயசுல தம்பி சுந்தரபாண்டியன் பொண்டாட்டிய சினிமா படிக்க மெட்ராஸுக்கு அனுப்பிட்டான், அவ இனிமே திரும்ப மாட்டான்னு கோயில் வாசல்ல வச்சு அம்புட்டுப் பேர் காதுலயும் விழுற மாதிரி சொன்னவரு. வந்து பாக்கட்டும். மொத வரிசையில உக்கார வைக்கப் போறேன்.

— அய்யோ.

— என்ன அய்யோ?

— எங்கிட்ட ரெண்டு பென்டிரைவ் இருக்குங்க. ரெண்டுலயும் இதே படந்தான். ஒண்ணுல கடைசிக் காட்சி இருக்கு. இன்னொண்ணுல வெட்டிட்டேன். எதக் குடுக்கன்னு எனக்குத் தெரியல.

— எடுத்தவ நீ. என்கிட்டக் கேட்டா? கடைசின்னா நல்லாத்தான இருக்கும், அதயே குடு.

— அதுல நீங்கதான் இருக்கீங்க.

— படம் பூரா நான்தான இருக்கேன். சேத்தூர் பஸ் ஸ்டாப்புல வெயில்ல நிக்க வச்சு வாட்டி எடுத்தியே. பொண்டாட்டி பஸ் ஏறிப் போறா, புருசன் கீழ நின்னு பாக்கான். இம்புட்டுதான். அதுக்கு எம்புட்டுத் தடவ!

— நீங்க அட்டென்ஷன்ல நின்னீங்க.

— பின்ன எப்படி நிக்க?

— பொண்டாட்டிய வழியனுப்புற மனுசன் மாதிரி நில்லுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப் போச்சு.

— நான் எப்ப வழியனுப்பியிருக்கேன்? பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிப் போனவன் நான். கீழ நின்னவ நீ. எனக்கு அந்த நிப்பு எங்க தெரியும்?

— அதத்தான் படமா எடுக்கணும்னு நெனச்சேன். ஒங்கள என் எடத்துல நிக்க வச்சு. ஆனா வரல. போதும்னுட்டு நானும் ஜாஸ்மினும் காபி குடிக்கப் போனோம், ஞாபகம் இருக்கா?

— ஒன் கிளாஸ்ல படிக்குற சின்னப்புள்ள. ஒன்ன அக்கா அக்கான்னு கூப்பிடுமே. இருக்கு. கேமராவப் பாத்துக்கிடுங்கன்னு என்னக் காவல் வச்சிட்டுப் போனீக. பெஞ்சுல உக்காந்திருந்தேன்.

— கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க.

— இந்தா, இந்த ஹெல்மெட்டப் பிடி.

— கேமரா ஓடுச்சுன்னு சொல்லுதேன், ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?

— நீதான பேசணும்னு நிப்பாட்டுன. பேசு.

— நான் வேணும்னு செய்யல. அப்படித்தான் நெனைக்கேன். கை பட்டனுக்கிட்டப் போனது ஞாபகம் இருக்கு. அழுத்துனது ஞாபகம் இல்ல. மறந்துட்டேனா, மறந்த மாதிரி விட்டேனா? யோசிக்க யோசிக்க எனக்கே வெளங்கல.

— சரி, ஓடுச்சு. அதுல என்ன இருக்கு?

— நீங்க பேசியிருக்கீங்க.

— யாருகிட்ட?

— அங்கன யாருமே இல்லையே. கேமராவப் பாத்துப் பேசுதீங்க. ஞாபகம் இல்லையா?

— எதையாச்சும் உளறியிருப்பேன். நீ அத எப்பப் பாத்த?

— ஹாஸ்டல் போய்ச் சேந்த மறுநாளே.

— ஆவணியில.

— ஆமா.

— பொறவு தீவாளிக்கு வந்த. பொங்கலுக்கு வந்த. இது மாசி.

— ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் பஸ் ஏறுவேன். வீட்டுக்கு வந்து ஒங்க மூஞ்சியப் பாத்ததும் பயம் வந்துரும்.

— வேற யாரு பாத்தா?

— ஜாஸ்மின் பாத்தா. 'அக்கா, இது களவு. அங்கிள்கிட்டக் கேக்காம எடுத்தது, அழிச்சிருங்க'ன்னா. அழிக்கத்தான் போனேன். அதுக்குள்ள எங்க சார் பாத்துட்டாரு. இந்த வருஷம் ஒருத்தரும் இப்படி எடுக்கல, இத வெட்டுனா படத்துல உசுரே இல்லன்னுட்டாரு. பொறவு வகுப்புல போட்டுக் காட்டுனாரு.

— வகுப்பு பூராவுமா?

— எல்லாரும். ஒரு சத்தம் இல்ல. ரெண்டு மூணு புள்ளைக அழுதுச்சுக.

— ம். அம்புட்டுப் பேரும் பாத்தாச்சு.

— கோவமா?

— இல்ல. யார் யார் பாத்தான்னு தெரிஞ்சுக்கிடுதேன். நீ எத்தன தடவ பாத்த?

— நான் எங்க எண்ணுனேன். எடிட்டிங் ரூமுல ஒக்காந்தா அதத்தான பாக்கணும்.

— அப்ப மனப்பாடமே ஆகியிருக்கும்.

— ஆயிருச்சு.

— சொல்லு, என்ன சொன்னேன்?

— போன்ல இருக்குங்க. போட்டுக் காட்டுதேன்.

— போன் வேண்டாம். ஒன் வாயால சொல்லு.

— ரோட்டுல வச்சா?

— ரோட்டுல நிப்பாட்டுனது நீ.

— மொதல்ல தொண்டையச் செருமுதீங்க. பொறவு, 'கனகு, நீ போன பொறவு நான் சினிமாவுக்குப் போறேன்'னு சொல்லுதீங்க.

— ம்.

— 'ராஜபாளையத்துல மத்தியான ஆட்டத்துக்குப் போறேன். என்ன படம்னுகூடப் பாக்குறதில்ல. எல்லாரும் சிரிச்சா நானும் சிரிக்கேன். எதுக்குச் சிரிக்கேன்னு தெரியல.' அங்கன லேசாச் சிரிக்கீங்க.

— மேல சொல்லு.

— அந்த எடத்துல ஒரு மில்லு பஸ் குறுக்க போகுதுங்க. ஒங்க மொகம் மறைஞ்சு, திரும்பத் தெரியும்போது அந்தச் சிரிப்பு இல்ல. சார் அத நிறுத்தி நிறுத்திக் காட்டுனாரு. யோசிச்சு வச்சு எடுத்தாக்கூட அப்படி அமையாதாம்.

— பஸ்ஸ விடு. நான் என்ன சொன்னேன்?

— 'கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீ படம் படம்னு பாத்தியே, அப்படி என்னதான் பாத்தன்னு தெரிஞ்சுக்கிடணும்னு போறேன். அது தெரிஞ்சா, இப்ப நீ எங்க போயிருக்கன்னும் எனக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். ஒண்ணும் தெரியல.'

— நிப்பாட்டாத.

— 'நான் வீட்டுக்கு வந்தேன், நீ கெளம்பிட்ட. போகாதன்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கு? ஆனா நீ அம்புட்டையும் படிச்சு முடிச்சுத் திரும்பி வந்தா, என்கூட ஒக்காந்து பேசுறதுக்கு ஒனக்கு என்ன இருக்கும்?' அம்புட்டுதாங்க. துண்டால மூஞ்சியத் தொடைக்கீங்க. நாங்க வாரதப் பாத்துட்டு எந்திரிச்சு நிக்கீங்க.

— அட்டென்ஷன்லயா?

— அட்டென்ஷன்லதான். வகுப்புல அதுக்குச் சிரிச்சாங்க.

— சிரிக்கத்தான செய்வாக.

— நெசமாவே தியேட்டருக்குப் போறீங்களா?

— இப்பவும்தான் போறேன். போன வாரம் ஒரு படத்துல கதாநாயகன் செத்துட்டான்னு எந்திரிச்சு வெளிய வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டுக்காரன், 'சார், அவன் சாகல, உள்ள போங்க'ன்னு திருப்பி அனுப்புதான். உள்ள போனா வேற எவனோ கல்யாணம் பண்ணிக்கிட்டு நிக்கான். எது மொதல்ல நடந்தது, எது பொறவு நடந்ததுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

— அது பழைய கதையச் சொல்லியிருப்பாங்க.

— இருக்கும். ஒனக்குப் பாத்ததும் தெரிஞ்சிரும். எனக்கு எங்க?

— எனக்கும் இப்பத் தெரிய மாட்டேங்குதுங்க. அதுதான் பெரிய கொழப்பம். சேந்த மொத நாள் எதுக்கு வந்தீங்கன்னு ஒவ்வொருத்தரையா கேட்டாங்க. ஒருத்தன் டைரக்டர் ஆகணும்னான், ஒருத்தி கேமரா படிக்கணும்னா. நான் எந்திரிச்சு, எனக்குப் படம் பாக்கப் பிடிக்கும், அதான் வந்தேன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

— நாப்பத்தாறு வயசுல எந்திரிச்சு அப்படிச் சொன்னா சிரிக்க மாட்டாகளா?

— உண்மையத்தான சொன்னேன். நீங்க காஷ்மீர்ல இருக்கும்போது யுவராணிய இடுப்புல வச்சுக்கிட்டுப் படத்துக்குப் போவேன். வீட்டுல இருந்தா சொவரு மட்டுந்தான். அங்கன இருட்டுல ஒக்காந்தா நெறைய பேரு கூட இருக்குற மாதிரி இருக்கும். யாரோ அழுதா நானும் அழுவேன். வீட்டுல அழுதா ஒங்கம்மா என்ன ஏதுன்னு கேப்பாங்க, அங்கன யாரும் கேக்க மாட்டாங்க. இப்பப் படத்துக்கு ஒக்காந்தா கதை உள்ள எறங்க மாட்டேங்கு. வெளிச்சம் எங்க இருந்து வருது, கேமராவ எங்க வச்சான், எந்த எடத்துல வெட்டுனான்னே கண்ணு போகுது. அழுகுற எடத்துல அழுகை வரல. படிக்கப் போய் இருந்ததையும் தொலைச்சிட்டேனோன்னு இருக்கு.

— அப்ப என்னயப் பாக்கும்போது?

— என்ன?

— வகுப்புல புள்ளைக அழுதுச்சுகன்னியே. நீ அழுதியா?

— மொதத் தடவ அழுதேன். நல்லா அழுதேன்.

— பொறவு?

— பொறவு அந்த மில்லு பஸ் வார எடத்துல வெட்டலாமா, விடலாமான்னுதான் பாத்தேன். நீங்க பேசுறது காதுல விழுது, ஆனா உள்ள போகல. என் புருசன் பேசுதாருன்னே தோணல. அதான் எனக்கு என்னப் பாத்தே பயமா இருக்குங்க.

— அச்சா.

— நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த பென்டிரைவ இந்தக் கம்மாய்க்குள்ள விட்டெறிஞ்சிட்டு வாரேன். ஒங்க அண்ணன் முன்னாடி ஒங்களத் தல குனிய வச்சு நான் படம் காட்ட வேண்டாம். ஆனா அது இல்லன்னா, பஸ் ஸ்டாப்புல ஒருத்தரு வெறச்சு நிக்காரு, பஸ் போகுது, அம்புட்டுத்தான் படம். அதுக்கு எதுக்கு ஊரக் கூட்டணும்?

— அண்ணன் இடைவேளைக்குள்ள தூங்கிருவாரு.

— பத்து நிமிசப் படத்துல இடைவேளை ஏதுங்க?

— அப்படின்னா பாவம், தூங்கவும் நேரமில்ல.

— வெளையாடாதீங்க. குடுக்கவா, வேண்டாமா?

— குடு.

— எதக் குடுக்க?

— வெட்டாததக் குடு.

— யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா? தவசிமுத்து அண்ணன் பாப்பாங்க, மாப்பிள்ளை பாப்பாரு.

— பாக்கட்டும். பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிய நெனச்சு அழுதான்னு எவனும் என் பென்சன நிறுத்தப் போறதில்ல. கெளம்பு, நேரமாச்சு.

— எனக்கு இன்னும் மனசு ஒப்பலங்க.

— இன்னும் என்ன?

— கேமரா ஓடுறது தெரிஞ்சிருந்தா நீங்க வாயவே தொறந்திருக்க மாட்டீங்க. தெரியாம ஒரு மனுசன் மனசுல உள்ளதப் பேசுதாரு, அத நான் எடுத்துக்கிட்டேன். ஜாஸ்மின் சொன்னதுதான் சரி. களவுதான்.

— களவில்ல.

— எனக்காகச் சொல்லாதீங்க. களவு இல்லாம வேற என்ன?

— கேமராவுல செவப்பு லைட்டு எரிஞ்சதப் பாத்துட்டுத்தான் பெஞ்சுல ஒக்காந்தேன், கனகு. ஊருகிட்ட இல்ல, ஒன்கிட்டத்தான் கேட்டேன்; ஆவணியில கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.