பதினோரு நாள் அமாவாசை

வாட்சுக்குக் காலையில் பல் தேய்த்த கையோடு சாவி கொடுத்துவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்துவருகிறேன். இந்தச் சுவிஸ் வாட்ச் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

இது என் பெரியப்பா மகன் வெள்ளைச்சாமி அண்ணனுடையது. பினாங்கில் சம்பாதித்து, ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் வீடு வாங்கியவர். தங்கக் கூடு, முகப்பில் சின்ன ஜன்னல், அதில் நிலா வளரும், தேயும். தேதி காட்டாது. நான் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அறுபத்தொன்று ஐப்பசியில் அவருக்கு இழுப்பு முற்றியபோது, உறையூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துக்கொண்டேன். வாட்சுக்குச் சாவி கொடுக்கக்கூட அவர் விரலில் பலமில்லை. அதையும் நான்தான் செய்தேன்.

மகள் வள்ளிக்கண்ணு புருஷனோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கும்வரை உயிர் நிற்க வேண்டும் என்பதே அவர் கவலை. அவருடைய அப்பா, அண்ணன் இருவரும் இதே இழுப்பில் அமாவாசையன்று போனவர்கள். டாக்டர் பயமில்லை என்றார். இவர் நம்பவில்லை.

“இந்த அமாவாசையத் தாண்டிட்டா புள்ளயப் பாத்துருவேன்டா சின்னையா. மாப்பிள்ளை வந்தா வாட்ச் அவருக்கு. அதுக்குள்ள எனக்கு ஒண்ணு ஆயிட்டா நீ கட்டிக்க.”

கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

அமாவாசை வந்தது, போனது. வாட்சில் மட்டும் போகவில்லை. விளிம்பில் ஊசிமுனை அளவு ஒரு குழி உண்டு. ஒரு குத்து குத்தினால் நிலா ஒரு நாள் நகரும். முன்னால்தான், பின்னால் வராது. ஆகவே நேற்றைக்குத் திரும்ப, தினமும் ஒரு மாதத்தையே தள்ள வேண்டியிருந்தது. இருபத்தெட்டு குத்து, சில நாள் இருபத்தொன்பது. அந்த வருஷம்தான் ரஷ்யாக்காரன் ராக்கெட்டில் ஆளை வைத்துப் பூமியைச் சுற்றவிட்டான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிலாவைப் பதினோரு தடவை சுற்றவிட்டேன். பேப்பரில் வரவில்லை.

ஈரக்காற்று ஆகாதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். நான் கலந்து கொடுத்த மிக்ஸ்சரில் அரைத் தூக்கமாகக் கிடந்தவருக்கு நாள் கணக்கு தெரியவில்லை. சமைக்கிற அற்புதம்மாள் மாதா கோயிலுக்குப் போகிறவள். அமாவாசையை அவள் கவனிப்பதில்லை.

“இன்னும் தாண்டலையாடா?”

“நீங்களே பாருங்கண்ணே. நிலாவக் காணோம்.”

“என்னடா இது, இவ்வளவு நீட்டு அமாவாசை.”

“ஐப்பசில அப்படித்தாண்ணே இருக்கும்.”

பதினோராம் நாள் கஞ்சி வேண்டாம் என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானம் மூச்சு நின்றது. டாக்டருக்குத்தான் ஆச்சரியம்; தேறிவருகிறார் என்று முந்தின நாள்கூடச் சொல்லியிருந்தார். அண்ணன்மேல் நான் கை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சாயங்காலம் காவிரிக்கரைக்குத் தூக்கிப்போனபோது கிழக்கே முக்கால் நிலா இருந்தது. வாட்ச் என் கையில் இருந்தது.

மறுநாள் வள்ளிக்கண்ணு வந்து சேர்ந்தாள்.

“அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாரா சித்தப்பா?”

“இல்லம்மா. உன்னப் பாத்துருவோம்ங்கிற நம்பிக்கையோடதான் போனாரு.”

காலில் விழுந்து அழுதாள். அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பவன்.