சிவப்பு நூல் பத்து, பச்சை நூல் பத்து

— கைய எடு அன்பரசு. பொட்டியத் தொடாத.

— இன்னா பரிமளா இது! உங்க காலேஜு மெஷின் சரியில்லன்னு நீ குடுத்துட்டுப் போனத எங்க லேப் ஃப்ரிட்ஜுல பத்து நாளா அடை காத்தவன் நான். உன் எலி ரத்தத்துக்குக் கெடச்ச மரியாத ஆரணியில எந்த பேஷண்ட் ரத்தத்துக்கும் கெடச்சதில்ல.

— இரு, எண்ணிகினு இருக்கேன்... பதினேழு... பதினெட்டு...

— இருவது. பத்து எலிக்கு கதிர்வீச்சு குடுத்த, அதுக்கு சிவப்பு நூலு. பத்து எலிய சும்மா உட்ட, அதுக்கு பச்சை. டியூபுக்கு பட்டு நூல் கட்டற ஆளு ஊரு உலகத்துல நீ ஒருத்திதான்.

— மார்க்கர்ல எழுதுனா ஐஸ்ல அழியுது. நூலு எங்க வூட்டுல தறிக்கடியில சும்மா கெடக்குது. ரிசல்ட்ட சொல்லு.

— மொதல்ல உக்காரு. டீ சொல்லட்டா?

— சொல்லுடா!

— சிவப்பு பத்துலயும் ஆல்புமின் கொறஞ்சிருக்குது. பச்சை பத்தும் நார்மல். கதிர் பட்டா ரத்தத்துல அந்த புரோட்டீன் கொறயும்னு சொல்லிகினு இருந்தியே, அப்படியே வந்துருக்குது. திங்கக்கெழம தீசிஸ குடு. டாக்டர் பரிமளான்னு போர்டு மாட்டு.

— பத்துமா?

— பத்தும்.

— ஒண்ணு கூட முரண்டு புடிக்கல?

— எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிகினு இருக்கற? நாலு வருஷமா இதுக்குத்தான பேஜார் பட்ட?

— இந்த முடிச்ச யாரு போட்டது?

— நீதான்.

— நான் போட்டா நுனி இவ்ளோ நீட்டமா நிக்காது. அறுந்த இழைய சேக்கற முடிச்சுதான் என் கைக்கு வரும். வெரல் வெச்சு தடவுனாக்கூட தெரியாது. இது மாடு கட்டற முடிச்சு.

— தேவிகாபுரத்துக்காரன்னா மாடு கட்டத்தான் தெரியுமா?

— சிரிக்காத. உண்மைய சொல்லு.

— ...வியாழக்கெழம கரண்ட் போச்சு. ஐஸ் உருகி பொட்டி பூரா தண்ணி. நெசவுக்காரர் வூட்டுப் பொண்ணு, சாயம் அலசாத நூல எடுத்தாந்து கட்டியிருக்க. சாயம் எறங்கி இருவதும் ஒரே கலரு... வெங்காயத் தோல் மாதிரி.

— அப்புறம்?

— அப்புறம் இன்னா... இருவதையும் மெஷின்ல ஓட்டுனேன். ஆல்புமின் இருக்கறதுலயே கம்மியா இருந்த பத்துக்கு புதுசா சிவப்பு கட்டுனேன். மீதிக்கு பச்சை.

— விடைய பாத்துட்டு கேள்விய எழுதியிருக்க.

— யாருக்குத் தெரியப் போவுது?

— எனக்குத் தெரியும்.

— நீயும் நானும் ஒண்ணாத்தான சேந்தோம் அந்தப் படிப்புல? நான் பாதியில உட்டுட்டு வந்து இங்க நைட் ஷிஃப்ட்ல மூத்திரம் டெஸ்ட் பண்ணிகினு இருக்கேன். நீயாவது முடிக்கட்டும்னு...

— நான் முடிப்பேன். உன் ரிசல்ட் வேணாம். சாயம் போன கதைய இன்னிக்கே எங்க கைடு சாருக்கு எழுதறேன்.

— லூசா நீ? அப்ப கையில இன்னா இருக்குது? புதுசா இருவது எலிக்கு பர்மிஷன் வாங்கவே ஆறு மாசம். திங்கக்கெழம கடைசி நாளு. தாண்டுனா உன் பேரையே அடிச்சிடுவாங்க.

— தெரியும்.

— தெரிஞ்சுமா... இரு இரு. 'பத்தும்'னு நான் சொன்னப்பவே உன் மூஞ்சி மாறிச்சு. முடிச்ச அப்புறம்தான் பாத்த. நான் சொல்றது பொய்னு அதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?

— காலேஜுலயே இருவதையும் ஓட்டிட்டேன்டா. சிவப்புல மூணு எலிக்கு ஆல்புமின் கொறயவே இல்ல. எங்க மெஷின் சரியில்லன்னு உங்கிட்ட சொன்னது பொய். அந்த ரிசல்ட் தாள கிழிச்சிட்டுத்தான் ஆரணி பஸ் ஏறுனேன்... தூக்கிப் போட மட்டும் கை வரல. நேத்து உக்காந்து ஒட்டுனேன், பையில இருக்குது. அந்த மூணு எலியும் திங்கக்கெழம சார் மேஜைக்குப் போவுது.