பேர் சொல்லும் எம்.எல்.ஏ.

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு விவசாயிகள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு பாட்டில் சிவப்புத் தண்ணீர்.

“போன தடவ கெணத்துத் தண்ணியக் காட்டுனதும், எம்.எல்.ஏ. சாயத்தோட பேரையே சொல்லிப்போட்டாருங்க,” என்றார் அவர்.

“அவருக்கு எப்படீங்க தெரியும்?”

“அரசியலுக்கு வர்றதுக்கு முந்தி சாயப்பட்டறையில மாஸ்டருங்க. ‘இந்த நீலம் நானே போட்டிருக்கறனுங்க’ன்னாரு. மாடுகூட வாய் வெக்கறதில்லீங்கன்னேன். சட்டசபையில கேக்கறேன்னாரு.”

“கேட்டாருங்களா?”

“கேட்டாருங்க. பேப்பர்லகூட வந்துதுங்க.”

“அப்பறம்?”

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு நீலமுங்க. இன்னைக்குச் செவப்புங்க. இதுக்கும் பேரு சொல்லுவாருங்க.”